பனி கொண்டுவந்த முனியாண்டி

மஞ்சள்தூளைத் தண்ணீரில் குழைத்துப் பூசினால் ஒரு மழைக்குக்கூடத் தாங்காது. நல்லெண்ணெயில் குழைக்க வேண்டும். கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் கல்லின் அடியில் மஞ்சளாக ஏதோ படிந்திருக்கிறதே, இரும்புக் கறையா என்று நேற்று கேட்டீர்கள். இரும்பு இல்லை, காஜா மொய்தீன். அது எங்கள் வீட்டு மஞ்சள். என் மனைவி யோகம்மா சமையலுக்கு வைத்திருந்தது. டப்பா எப்படிப் பாதியானது என்று அவள் இன்றைக்கும் யோசித்துக்கொண்டிருக்கிறாள்.

கண்காட்சிப் பொறுப்பாளர் நீங்கள். கல்லுக்குப் பக்கத்தில் வைக்கும் அட்டைக்கு நாலு வரி எழுதித் தரச் சொன்னீர்கள். எழுத உட்கார்ந்தேன், நாலு வரியில் அடங்கவில்லை. ஆங்கிலத்தில் எழுதினால் துணைவேந்தர்வரை படித்துவிடுவார்கள். தமிழில் எழுதினால் இந்தப் பல்கலைக்கழகத்தில் உங்களைத் தவிர யாரும் புரட்டிப் பார்க்கப் போவதில்லை. நீங்கள் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில் கடைக்காரர்களின் பேச்சைக் கேட்டு வளர்ந்தவர். எதற்கும் சட்டென்று பதறமாட்டீர்கள். அதனால் முழுவதையும் சொல்கிறேன்.

என்னைப் பற்றித் தெரியும்தானே. புவியியல் துறையில் கல்லைப் பற்றிப் பாடம் எடுப்பவன் நான் ஒருவன்தான். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த எங்கள் தாத்தா ரயில்வேயில் குமாஸ்தா, அப்பா துறைமுகத்தில் குமாஸ்தா. நான் கல்லுக்குக் குமாஸ்தா ஆனேன். இருபது வருஷமாக ஒரே ஒரு கருத்தை வைத்துக் குடும்பம் நடத்தினேன். அதற்காகவே எனக்குப் பதவி உயர்வும் கிடைத்தது.

அந்தக் கருத்து இதுதான். லங்காவிக் கரையில் கறுத்த பாறை ஒன்று உண்டு. ஆதியில் அது கடலடிச் சேறு. சேறு என்றால் மாவு மாதிரி மெல்லியது, அமைதியான தண்ணீரில் மெதுவாகப் படிவது. ஆனால் அந்தப் பாறைக்குள் அங்கங்கே சம்பந்தமே இல்லாத கற்கள் பதிந்திருக்கும். சில சுண்டைக்காய் அளவு, சில தேங்காய் அளவு. மாவுக்குள் தேங்காய் எப்படி வந்தது? கடலுக்கு அடியில் பெரிய சரிவு ஏற்பட்டு, சேறும் கல்லுமாகக் கலந்து உருண்டு வந்தது என்றேன் நான். நம்பக்கூடிய பேச்சுத்தான். பள்ளிக்கூடப் புத்தகத்திலும் ஒரு பத்தி வந்தது.

வேறு சிலர் பனி என்றார்கள். இருபத்தெட்டுக் கோடி வருஷத்துக்கு முன்னால் இந்த நிலம் தெற்கே, பனி மூடிய பெரிய கண்டம் ஒன்றின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருந்ததாம். பனி மலையைச் சுரண்டும், சுரண்டிய கல்லை வயிற்றில் வைத்துக்கொண்டு கடலுக்கு வரும், உடைந்து மிதக்கும், உருகும் இடத்தில் கல்லைக் கீழே போட்டுவிடும். அதற்கும் வெகுகாலம் முன்பு உலகம் முழுவதுமே பனி மூடிக் கிடந்த யுகங்கள் உண்டு என்கிறவர்களும் இருக்கிறார்கள். அந்தப் பனி கண்டங்களின் மேல்தோலையே சீவிக்கொண்டு போய்விட்டதாம். பல நாடுகளில் மிகப் பழைய பாறையின் தலையில் நேராகப் புதிய பாறை உட்கார்ந்திருப்பதற்கும், நடுவில் இருக்க வேண்டிய கோடிக்கணக்கான வருஷங்கள் காணாமல் போனதற்கும் அதுவே காரணமாக இருக்கலாம் என்கிறார்கள். சுரண்டிய இடத்தில் சாட்சி ஏதும் இருக்காது, சுரண்டியது எங்கே விழுந்ததோ அங்கேதான் தேட வேண்டும். இதை வகுப்பில் சொல்லும்போது நான் கொஞ்சம் சிரித்துக்கொண்டே சொல்வேன். பினாங்கில் பனி என்றால் சீவிய ஐஸில் கடலையும் பாகும் போட்டுத் தரும் ஐஸ் கச்சாங்தான் என்று முடிப்பேன். பிள்ளைகளும் சிரிப்பார்கள்.

ஒருத்தி மட்டும் சிரிக்கவில்லை. தனலெட்சுமி, என்னிடம் முதுகலை ஆய்வுக்குச் சேர்ந்த பெண். சுங்கை பினாங் அடுக்குமாடி வீட்டிலிருந்து பஸ் பிடித்து வருவாள். அப்பா இல்லை. அம்மாவின் பெயர் சின்னம்மா, இடியாப்பம் அவித்துக் காலையில் வீடு வீடாக விற்பவர். அந்த வீட்டில் பள்ளிக்கூடம் தாண்டிப் படித்தது இவள் ஒருத்திதான்.

“ஐஸ் கச்சாங்னே வச்சுக்குங்க சார்,” என்றாள் அன்றைக்கு வகுப்பு முடிந்தபின். “சாப்பிடாம அப்படியே வச்சா என்ன ஆகும்? ஐஸ் கரையும், கச்சான் எல்லாம் ஒண்ணொண்ணா அடியில விழும்லா. சரிவு வந்தா எல்லாம் கலந்து கெடக்கும். மேலேருந்து ஒரு கல்லு விழுந்திருந்தா, கீழ உள்ள சேத்துப் படிவு அமுங்கி வளைஞ்சிருக்கும். மேல உள்ள படிவு கல்லுக்குப் போர்வ போத்துன மாரி இருக்கும். வெட்டிப் பாத்தா தெரிஞ்சிரும் சார்.”

“வெட்டிப் பார்க்கிற மாதிரி ஒரு கல்லைக் கொண்டு வா பிள்ளை,” என்றேன்.

கொண்டுவந்துவிட்டாள். அதுதான் தொல்லை.

1989. லங்காவியில் எங்கு பார்த்தாலும் சாலை போட்டுக்கொண்டிருந்த நேரம். அவள் நல்ல பாறையாகத் தேடிப் பிடித்து வைத்திருந்த கரையோரத்தை வெடி வைத்துத் தகர்க்க நாள் குறித்துவிட்டார்கள். அதற்கு முதல் நாள் அவள் போய் மேஸ்திரியிடம் அழுது, கெஞ்சி, கடைசியில் அவருடைய மகளுக்குக் கணக்குப் பாடம் சொல்லித் தருவதாக ஒப்புக்கொண்டு, அரிசி மூட்டை அளவு ஒரு பாறைத்துண்டைப் பெயர்த்து வாங்கிவிட்டாள். நடுவில் தேங்காயை விடப் பெரிய கருங்கல் ஒன்று பதிந்திருந்தது. மறுநாள் அந்தக் கரையே இல்லை. ஆக உலகத்தில் அப்படி ஒரு சான்று அது ஒன்றுதான். படகிலும் லாரியிலுமாகப் பினாங்குக்கு வந்து சேர்ந்தது.

நான் லாரியில் ஏறிப் பார்த்தேன். வெளியே நீட்டிக்கொண்டிருந்த கருங்கல்லின் ஒரு பக்கம் தட்டையாகத் தேய்ந்து, அதன்மேல் ஒரே திசையில் கீறல்கள் ஓடின. பனி தரையோடு வைத்துத் தேய்த்த கல்லில்தான் அப்படிக் கீறல் விழும். வெட்டிப் பார்க்கத் தேவையே இல்லை, அவள் சொன்னது சரி. நான் இருபது வருஷமாகச் சொன்னது பிழை. எனக்கு அந்த இடத்திலேயே தெரிந்துவிட்டது. லாரியை விட்டு இறங்கும்போதே அவள் முகத்தைப் பார்க்கப் பிடிக்கவில்லை. பொறாமை என்றுதான் அதற்குப் பெயர், மறைப்பானேன்.

“கிடங்கில் இடமில்லை பிள்ளை,” என்றேன். “உன் வீட்டுப் பக்கம் எங்கேயாவது வைத்திரு.”

கிடங்கில் இடம் இருந்தது. பட்டறையில் கல் அறுக்கிற வைர வாளும் இருந்தது. அது பழுது என்று சொன்னேன். முழுப் பொய் என்று சொல்ல முடியாது, யாரோ பிளக்கைப் பிடுங்கி வைத்திருந்தார்கள்.

அவள் முகம் சுருங்கவில்லை. கல்லைச் சுங்கை பினாங்கில் தன் அடுக்குமாடிக்குக் கீழே, சாக்கடையோரத்து அரசமரத்தடியில் இறக்கி வைத்தாள். சீனர்களுக்குக் கல்லறைக் கல் அறுத்துக் கொடுக்கும் பட்டறை முதலாளி, தவுக்கே ஒருவரைப் பிடித்து, குறைந்த கூலிக்கு அறுத்துத் தரச் சம்மதிக்கவும் வைத்துவிட்டாள். அவருக்குக் கையில் வேலை நிறைய இருந்தது, மாதக் கடைசியில்தான் ஒழியும். அதற்கு அடுத்த மாதம் ஆய்வைச் சோதிக்க வெளிநாட்டுப் பேராசிரியர் வருவதாக இருந்தது. அவர் முன்னால், என்னுடைய மாணவி, கல்லறைக் கல் அறுக்கும் வாளால் என்னை இரண்டாக அறுத்துக் காட்டப் போகிறாள். பட்டம் அவளுக்கு. எனக்கு என்ன? நன்றியுரையில் ஒரு வரி.

எனக்கு வேண்டியிருந்தது கொஞ்சம் அவகாசம், அவ்வளவே. மனிதன் தன் கருத்தை மாற்றிக்கொள்ளக் காலம் வேண்டாமா? அந்த மாற்றத்தை நானே, என் வாயால், என் கட்டுரையில் அறிவித்திருப்பேன். கல்லைத் திருடவோ உடைக்கவோ நான் நினைத்ததில்லை. அப்படிப்பட்ட ஆள் நான் இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு, மஞ்சளும் குங்குமமும் மூன்று எலுமிச்சம்பழமும் ஒரு சுருட்டும் எடுத்துக்கொண்டு சுங்கை பினாங்குக்குப் போனேன். நம் ஊரில் மரத்தடியில் கிடக்கும் கல்லுக்கு ஒரு பெரிய மனிதர் பட்டப்பகலில் மஞ்சள் பூசினால், ஏன் பூசுகிறீர் என்று யாரும் கேட்கமாட்டார்கள். எந்தச் சாமி என்றுதான் கேட்பார்கள். மார்க்கெட்டுக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு பெண் அப்படித்தான் கேட்டார். “முனியாண்டி,” என்றேன். கூடையைக் கீழே வைத்துவிட்டுக் கும்பிட்டார். எங்கள் வீட்டில் முனியாண்டியை வாசலுக்குள் விடமாட்டார்கள். யோகம்மாவுக்குச் சுருட்டுக் குடிக்கும் சாமிகளைக் கண்டாலே ஆகாது. நான் அன்றைக்கு அவருக்குச் சுருட்டே பற்றவைத்துக் கொடுத்தேன்.

இரண்டு நாளில் தனலெட்சுமி சிரித்துக்கொண்டே வந்தாள்.

“யாரோ என் கல்லுக்கு மஞ்ச பூசிட்டாங்க சார்.”

“கழுவி விடு பிள்ளை.”

“கழுவப் போனேன். பக்கத்து வீட்டு நூர்ஜான் அக்காவே வேணாம் வேணாம்னு கையப் புடிச்சுக்கிட்டாங்க. அவங்க முஸ்லிம் சார். எதுக்கு வம்புன்றாங்க.”

இருவரும் நன்றாகச் சிரித்தோம். அந்தச் சிரிப்பில் எனக்குக் கொஞ்சம் குற்ற உணர்ச்சிகூட வந்தது. டீ வாங்கிக் கொடுத்தேன்.

அதற்குப் பிறகு நான் ஒன்றும் செய்யவேண்டியிருக்கவில்லை. மஞ்சள் துணி யாரோ கட்டினார்கள். விளக்கு வந்தது. மழைக்குத் தகரக் கூரை வந்தது. கூரை போட்ட வாரமே, கூரை போட்டவருக்கு நாலு நம்பர் லாட்டரிக் குலுக்கலில் பரிசு விழுந்துவிட்டது. பிறகு கேட்கவா வேண்டும். ஜெலுத்தோங்கிலிருந்தும் ஆயர் ஈத்தாமிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். சீனர்கள் ஊதுபத்தியும் ஆரஞ்சுப் பழமும் வைத்தார்கள். கல்லின் கீறல்களில் மாவைத் தேய்த்து, அதில் தெரியும் நம்பரைப் படித்தார்கள். பனி போட்ட கோட்டை வைத்துச் சூதாடியவர்கள் உலகத்திலேயே எங்கள் பினாங்குக்காரர்கள்தான் என்று நினைக்கிறேன்.

ஆனால் நான் எதிர்பாராத ஒன்று நடந்தது. சின்னம்மா அந்தச் சாமியை முழுமனதாகப் பிடித்துக்கொண்டார். மகள் கடல் தாண்டிக் கொண்டுவந்த கல். அது சாமியானது அவருக்கு ஆச்சரியமாகவே இல்லை. என் மகளைத் தேடி வந்திருக்கிறார் என்று எல்லோரிடமும் சொன்னார். விடியற்காலையில் இடியாப்பம் அவித்ததும் முதல் தட்டு முனியாண்டிக்குப் போயிற்று. அந்தம்மாளுக்குச் சர்க்கரை வியாதி. காலில் நெடுநாள் ஆறாத புண் ஒன்று இருந்தது. அந்த மாதம் அது ஆற ஆரம்பித்தது. மகள் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போய், மருந்து மாற்றி வாங்கி வந்ததால் ஆறியது. ஆனால் மாத்திரைக்கு யார் விளக்கேற்றுகிறார்கள்.

மாதக் கடைசியில் தவுக்கே தள்ளுவண்டியோடு வந்தார். விளக்கைப் பார்த்தார், துணியைப் பார்த்தார், ஆரஞ்சுப் பழத்தைப் பார்த்தார். மூன்று முறை குனிந்து கும்பிட்டுவிட்டு வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். செத்தவர்களின் கல்லைத்தான் அறுப்பாராம், இருக்கிறவர்களின் கல்லைத் தொடமாட்டாராம்.

அன்றைக்குத்தான் தனலெட்சுமி என் அறையில் அழுதாள். பட்டம் கிடைத்தால் விரிவுரையாளர் வேலை, வேலை கிடைத்தால் அம்மா இடியாப்பத் தட்டைத் தூக்க வேண்டாம். அவள் கணக்கெல்லாம் அந்தக் கல்லுக்குள் இருந்தது. ஆறுதல் சொன்னேன். சொன்னது உண்மையாகவே மனதிலிருந்து வந்தது. அந்தப் பெண்மேல் எனக்கு எப்போதும் பிரியம் உண்டு.

ஆனால் அவள் சாதாரணப்பட்டவள் இல்லை. சாமியை எதிர்த்து முடியாது என்று தெரிந்ததும், சாமியிடமே கேட்டுவிடலாம் என்று அம்மாவைச் சம்மதிக்க வைத்தாள். பூக்கட்டிப் பார்ப்பது தெரியும்தானே உங்களுக்கு. ஒரு பொட்டலத்தில் வெள்ளைப் பூ, இன்னொன்றில் சிவப்பு. இரண்டும் வெளியே பார்க்க ஒன்று போலவே இருக்கும். சாமி முன்னால் போட்டு, ஒரு சின்னக் குழந்தையை விட்டு ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். பின்பக்கம் ஒரு சீவல் மட்டும் வெட்டிக்கொள்ள முனியாண்டி சம்மதிக்கிறாரா? வெள்ளை வந்தால் சம்மதம்.

வெள்ளை வந்தது.

“சாமியே ஓகே சொல்லிட்டாரு சார்,” என்று படிக்கட்டில் ஓடி வந்து சொன்னாள். என் கண்டுபிடிப்பான முனியாண்டி என்னைக் கைவிட்டு விஞ்ஞானத்தின் பக்கம் போய்விட்டார். உங்களிடம் சொல்வதற்கென்ன, எனக்கே சிரிப்பு வந்தது. பிறகு நாட்காட்டியைப் பார்த்தேன். வெளிநாட்டுப் பேராசிரியர் வர மூன்று வாரம்கூட இல்லை.

அந்த வாரம் சின்னம்மா என்னைத் தேடித் துறைக்கே வந்தார். நெற்றியில் திருநீறு, கையில் ஒரு பொட்டலம் இடியாப்பம். நாற்காலியில் உட்கார மாட்டேன் என்று நின்றுகொண்டே பேசினார்.

“பூவு சரின்னுதான் ஐயா வந்துச்சு. ஆனா மனசு ஒப்ப மாட்டேங்குது. சாமிய வெட்டுன பாவம் எம்புள்ளய சேந்துரக்கூடாதுல்ல. அதான் நானே ஒரு சோதன வச்சுப் பாக்கலாம்னு. இந்தச் சக்கர மாத்திரைய நிறுத்திப்புட்டு, துன்னூறு மட்டும் போட்டுப் பாக்கறேன். ஒண்ணும் ஆகலன்னா அது சாமிதான். வெட்டக்கூடாது. ஒடம்புக்கு முடியாமப் போனா வெறுங்கல்லு, அவ வெட்டிக்கட்டும். தனம்கிட்ட சொன்னா கத்துவா. நீங்க படிச்சவங்க. நிறுத்திப் பாக்கட்டுமா ஐயா?”

நன்றாகக் கவனியுங்கள், அந்தம்மாள் எவ்வளவு தெளிவாக ஒரு பரிசோதனையை வகுத்திருந்தார் என்று. என் மாணவர்களில் பாதிப்பேருக்கு அது வராது. நானும் ஒரு பதில் சொன்னேன். அதைக் கடைசியில் எழுதுகிறேன்.

முதல் வாரம் அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. உடம்பு லேசாக இருக்கிறது என்றார். சர்க்கரை அப்படித்தான், ஆரம்பத்தில் சத்தம் போடாது. ஆகவே அது சாமிதான் என்று முடிவாயிற்று. வெட்டக்கூடாது என்றார். தனலெட்சுமி வாதாடியபோது, கல்லின் மேல் கையை விரித்துப் படுத்துக்கொண்டு முதலில் என்னை வெட்டு என்றாராம். வெளிநாட்டுப் பேராசிரியர் வந்தார். அரசமரத்தடிக்கு அழைத்துப் போனோம். மாலையும் எண்ணெயும் சாம்பிராணியுமாக ஒரு குவியலைப் பார்த்தார். மரியாதையாகச் செருப்பைக் கழற்றினார், படம் எடுத்துக்கொண்டார், வெட்டாத கல்லைப் பற்றி ஒன்றும் சொல்வதற்கில்லை என்று போய்விட்டார். ஆய்வு தள்ளிவைக்கப்பட்டது. எனக்கு அவகாசம் கிடைத்தது.

சின்னம்மா அதற்குச் சில வாரம் கழித்து இறந்துபோனார். காலில் புண் திரும்ப வந்து, அதை மறைத்து, விபூதி பூசி, கடைசியில் நினைவு தப்பிய பிறகே தனலெட்சுமிக்கு விஷயம் தெரிந்தது. மாத்திரை எல்லாம் அரிசி டின்னுக்குள் அப்படியே இருந்தன.

சாவு வீட்டுக்குப் போயிருந்தேன். துக்கமாகத்தான் இருந்தது. அந்த இடியாப்பம் நல்ல இடியாப்பம்.

சுங்கை பினாங் மக்கள் கல்லுக்குப் பயப்பட ஆரம்பித்தார்கள். பெண் சாமியை வெட்டப் பார்த்தாள், சாமி தாயை எடுத்துக்கொண்டது என்றார்கள். விளக்கு நின்றது, கூரை சாய்ந்தது. தனலெட்சுமி அந்தப் பேச்சை நம்பவில்லை, படித்த பெண். அவள் நம்பியது வேறு.

“சாமியெல்லாம் ஒண்ணும் பண்ணல சார். நான்தான். அந்தக் கல்ல நான் தூக்கிட்டு வரலன்னா அம்மா மாத்திர சாப்ட்டுட்டு இருந்திருப்பாங்க. வீட்டுக்குள்ளயே இருந்துக்கிட்டு எனக்குத் தெரியல பாருங்க. கல்லுல உள்ள கோட்டப் பாத்தேன், அம்மா கால நான் பாக்கல.” பிறகு கேட்டாள். “மொதல்ல யாரு சார் மஞ்ச பூசுனது? அது மட்டும் தெரிஞ்சா போதும்.”

“யாரோ பக்தர் பிள்ளை,” என்றேன்.

“அந்தக் கல்லு எனக்கு வேணாம் சார். நீங்களே எடுத்துக்குங்க.”

இதைக் குறித்துக்கொள்ளுங்கள். அவளே கொடுத்தாள். நான் கேட்கவில்லை.

கிடங்கில் வைத்தேன். வாளுக்குப் பிளக்கைச் செருகினேன். அறுத்த முகத்தைத் தண்ணீர் விட்டுக் கழுவிவிட்டு, காஜா மொய்தீன், விளக்கைக் கிட்டே இழுத்தேன். முடி போன்ற மெல்லிய படிவுகள் வரிவரியாக வந்து, கல்லுக்குக் கீழே தொட்டில் துணி போல வளைந்து, மேலே அதைப் போர்த்திக்கொண்டு போயின. இருபத்தெட்டுக் கோடி வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள், ஓசையில்லாத ஒரு கடலில், பனி கைவிட்ட கல் ஒன்று இறங்கிச் சேற்றில் உட்கார்ந்த அந்தக் கணம் அப்படியே இருந்தது. அழுதுவிட்டேன். இப்படி ஓர் அழகை முதலில் பார்க்கும் பேறு எனக்குக் கிடைத்ததே என்று அழுதேன்.

கட்டுரை வெளிவந்தது. தன் இருபது வருஷக் கருத்தைத் தானே மறுக்க எவ்வளவு துணிச்சல் வேண்டும் என்று பல ஊர்களிலிருந்து பாராட்டினார்கள். அந்தத் துணிச்சலுக்காகத்தான் கல்லும் இன்றைக்குக் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது.

தனலெட்சுமி படிப்பை விட்டுவிட்டாள். பாயான் லெப்பாஸில் மின்னணுத் தொழிற்சாலையில் சிலிக்கன் தகடுகளைச் சோதிக்கிறாள். சிலிக்கனும் மணலிலிருந்து வருவதுதான், முழுவதும் துறை மாறிவிட்டாள் என்று சொல்ல முடியாது.

சரி, அந்தப் பதில். நிறுத்திப் பார்க்கட்டுமா என்று சின்னம்மா கேட்டார். நான் உடனே சொல்லிவிடவில்லை. சர்க்கரை வியாதிக்காரர் மாத்திரையை நிறுத்தினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். என் தங்கை கனகேஸ்வரி அந்த வியாதியில்தான் போனாள். எத்தனை வாரம் வெளியே தெரியாமல் இருக்கும் என்பதும் தெரியும். அந்தம்மாள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். சன்னலுக்கு வெளியே மழை வரும் போல இருந்தது.

“நிறுத்திப் பாருங்கோ அம்மா,” என்றேன். “பிள்ளைக்குச் சொல்லாதேங்கோ. அவளுக்குப் பரீட்சை நேரம்.”

மகிழ்ச்சியோடு போனார். இடியாப்பத்தை மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

நான் கொன்றேன் என்று எழுதினால் அது மிகை. ஒரு கேள்விக்குப் பதில் சொன்னேன். ஆனாலும் அட்டையில் வேண்டுமானால் கொன்றேன் என்றே போட்டுக்கொள்ளுங்கள், எனக்கு ஆட்சேபம் இல்லை. ஓய்வு பெற இன்னும் சில மாதம்தான் இருக்கிறது. துணைவேந்தரிடம் கொடுங்கள், போலீஸிலும் கொடுங்கள். மறுக்கமாட்டேன்.

ஒன்றை மட்டும் கேட்டுக்கொள்கிறேன். தனலெட்சுமியிடம் சொல்ல வேண்டாம். ஒவ்வொரு தைப்பூசத்துக்கும் அவள் அம்மாவுக்காகப் பால்குடம் எடுத்துத் தண்ணீர்மலைக்கு வெறுங்காலில் ஏறுகிறாள். நான் அங்கே எங்கள் சங்கத்துத் தண்ணீர்ப் பந்தலில் மோர் ஊற்றிக் கொடுப்பேன். இந்த வருஷம் என்னைக் கண்டதும் குடத்தைப் பக்கத்திலிருந்தவளிடம் கொடுத்துவிட்டு, அத்தனை கூட்டத்தில் என் காலில் விழுந்தாள். “எல்லாரும் என்னத்தான் சொன்னாங்க சார். நீங்க ஒருத்தர்தான் ஒரு வார்த்த கொற சொல்லல,” என்றாள். நெற்றியில் திருநீறு பூசிவிட்டேன். இப்போதெல்லாம் கொஞ்சம் தூக்கம் வருகிறதாம். தன் பிழைதான் என்று மனதார ஒப்புக்கொண்டு, அதற்கு ஒரு வழியும் கண்டு, ஒருவாறு தேறி வந்துவிட்டாள். அந்த நிம்மதியை அவளிடமிருந்து பிடுங்கிவிடாதீர்கள், காஜா மொய்தீன். என் நன்மைக்காகக் கேட்கவில்லை. அவள் இளையவள், இன்னும் எத்தனையோ வருஷம் மலையேறுவாள். எனக்கு முழங்கால் வலி.